ஹப்புத்தளைக்கு வந்த ருபாப்

2023 கார்த்திகை. இலங்கை மலையகத்தில், எங்க ஊர் ஹப்புத்தளையில் அந்த மாதம் மழை பிடித்தால் லேசில் விடாது. அன்றைக்கு ஐந்தாவது நாள். பட்டறையில் மரத்தூள்கூட ஈரமாவு மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு அலுமாரிக்கு பொலிஷ் அடிக்க வேண்டிய வேலை பாக்கி. இந்த ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதனால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கெஸ்ட் ஹவுஸ் அக்கா கோல் எடுத்தார்.

"தம்பி, இங்க ஒரு வெளிநாட்டுப் பொடியன் தங்கியிருக்கார். கிட்டார் மாதிரி ஒன்னு கொண்டாந்திருக்கார், சத்தமே வரல்லையாம். மரவேலை பாஸ் யாரும் இருக்காங்களான்னு கேட்டார். வந்து பாருங்களேன்."

எனக்கு கிட்டாரெல்லாம் தெரியாதே அக்கா என்றேன். "மரச் சாமான்தானே, வாங்க" என்றார். அந்த அக்கா வீட்டு ஜன்னல், கட்டில், மாடிப்படி எல்லாம் என் கை வேலை. போகாமல் இருக்க முடியாது.

போனால், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பளிப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நோயாளிப் பிள்ளையை டொக்டரிடம் கொண்டுவந்த மாதிரி. வேலை செய்வது மொஸ்கோவில், சொந்த ஊர் பாமிர் மலையில் கோரோக் என்றார். நான் முழித்ததைப் பார்த்து போனில் வரைபடத்தைக் காட்டினார். தஜிகிஸ்தான். ஊர் ஓரத்தில் கோடு மாதிரி ஓர் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். கோரோக் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். நம்ம நுவரெலியாவைவிட உயரம். ஆனால் அங்கே அது பள்ளத்தாக்குக் கணக்கு. மலை என்று அவர்கள் சொல்வதெல்லாம் அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

போர்வையை விலக்கினார். பாமிரி ருபாப்.

எனக்கு முதலில் சங்கீதம் ஒன்றும் தோன்றவில்லை. மூட்டு எங்கே என்றுதான் தேடினேன். இருபத்திரண்டு வருடமாக மூட்டு போட்டுச் சாப்பிடுகிறவன். குடத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் விரலால் தடவிப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பினேன், வெளிச்சத்தில் சாய்த்தேன். மூட்டே இல்லை. ஒரே கட்டை. ஒரு மல்பெரி மரத் துண்டை எடுத்து, வெளியே செதுக்கி, உள்ளே குடைந்து, வாயை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள். நம்ம ஆட்கள் ஒரே மரத்தில் குடைந்த வீணையை ஏகாண்ட வீணை என்று கொண்டாடுவார்கள் அல்லவா, அவர்களுக்கு அதுதான் சாதாரணம். மல்பெரி கிடைக்காவிட்டால் ஆப்ரிகாட் மரம்.

குடத்தின் வாயில் பலகை இல்லை, தோல். அதன்மேல் நரம்பைத் தாங்குகிற சின்னக் கட்டை, 'குதிரை', நிற்கிறது, அதற்கு மேலே ஆறு நரம்பு. ஐந்து நரம்பு தலையிலிருந்து முழு நீளத்துக்கு ஓடி வருகிறது. ஆறாவது மட்டும் கழுத்தின் பக்கவாட்டில் தனியாக ஒரு முளையிலிருந்து, பாதி வழியில் ஏறுகிற பிரயாணி மாதிரி வந்து சேர்கிறது. கழுத்தில் வீணை மாதிரி மெட்டுக் கட்டை கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். முன்னாளில் குடல் நரம்பு கட்டினார்களாம், இப்போது நைலோன். அவர் கட்டியிருந்த மெல்லிய நரம்பைத் தொட்டுப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கடையில் சுருளாக விற்கிற தூண்டில் தங்கூசியேதான்.

தட்டிக் காட்டினார். தொப்பு தொப்பு என்றது. தண்ணீரில் விழுந்த அப்பளம் மாதிரி தோல் தொய்ந்து போயிருந்தது. தோல் இறங்கினால் குதிரை இறங்கும், குதிரை இறங்கினால் நரம்பு கழுத்தோடு படுத்துவிடும். பிறகு எங்கே சத்தம் வரும்? போதாதற்கு ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் மரத்தை விட்டே பெயர்ந்திருந்தது. கிழக்குப் பாமிரில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் மழை ஒழுங்காக விழாது. எங்களுக்கு அது ஒரு நாள் மழை. கோரோக் அவ்வளவு மோசமில்லை என்றாலும் வரண்ட இடம்தான். அந்தக் காற்றில் காய்ந்து பழகிய சாமானை ஹப்புத்தளைப் பனிமூட்டத்தில் கொண்டுவந்து வைத்தால் அது வேறு என்ன செய்யும்?

மரம் என்றால் நான் பார்ப்பேன், தோல் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எங்க வீட்டில் அடுப்படியில் குந்தியிருக்கிறார். ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

*

அப்பாவுக்கு அப்போது 74 வயது. தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி, மருந்தடித்து, பென்ஷன் ஆனவர். அது பகல் வேலை. தப்பு என்கிற தோல்பறை அடிப்பது அவருடைய பரம்பரை வேலை. அவருடைய அப்பா விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடுகிறதுக்கு) தப்படித்து லயத்து வரிசை வீடுகளை எழுப்பியவர். அப்பா காலத்தில் அது மணியாக மாறிவிட்டது. ஆனால் திருவிழா, காமன் கூத்து, சாவு வீடு என்றால் அப்பாவின் தப்புதான். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது அவர் தப்பை வைக்கோல் நெருப்பில் காய்ச்சுகிறதைப் பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றிக் காட்டுவார், இடையில் ஒரு தட்டு, காதுக்குப் பக்கத்தில் வைப்பார், திரும்பவும் நெருப்பு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் 'கிண்' என்று ஒரு சத்தம் வந்ததும் தெரிந்துவிடும், இனி ஆட்டம்தான்.

போர்வையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். எந்த நாடு, என்ன பெயர், ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து முகர்ந்தார். பிறகு நகத்தால் ஓரமாகச் சுண்டிக்கொண்டே வட்டமாக வந்தார்.

"நனைஞ்ச தப்பு இது" என்றார். "தப்புக்கு மேல கம்பி கட்டி வச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

நான் உடனே அடுப்புப் பக்கம் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். சத்தம் போட்டார். "தப்பு மாதிரி இதைக் காய்ச்ச ஏலாதுடா, பொறகு மரம் வெடிச்சிரும். மொதல்ல நரம்பைத் தளத்து. குதிரையை எடு. ஓரத்தை ஒட்டணும், அது காயணும், அதுக்கு அப்புறம்தான் சூடு." நான் மரவேலை பாஸ். மரம் வெடிக்கும் என்று எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஒட்டுவதற்குப் பட்டறையில் இருக்கிற பசையெல்லாம் அவருக்கு ஆகாது. புளியங்கொட்டை கேட்டார். வீட்டுக்காரி புளி கரைக்கும்போது ஒதுக்கி வைத்த கொட்டை ஒரு பேணியில் கிடந்தது. அதை வறுத்து, மேல்தோலை உரித்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டு அடுப்பில் கிண்டினார். பசை கரண்டியிலிருந்து நூலாக இறங்குகிற பதத்தில் இறக்கினார். பெயர்ந்த மூலையை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி இளக்கி, உள்ளே பசையை விரலால் தள்ளி, தோலை இழுத்துப் பிடித்து, "சேலைக் கரை மாதிரி ஒன்னு கொண்டா" என்றார். அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த நாடாவால் குடத்தைச் சுற்றிக் கட்டினார். இந்தப் பொறுமை அவருக்கு என்னிடம் ஒரு நாளும் இருந்ததில்லை.

அந்தப் பாமிர்க்காரர் இதையெல்லாம் பலகைக்கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் மாலையும் எங்க குசினியில்தான் இருந்தார். அப்பா அவரை 'மலைக்காரத் தம்பி' என்றுதான் கூப்பிட்டார். என் இங்கிலீஷ் அரைகுறை, அவருடையதும் அப்படியே, அதனால் நன்றாகவே புரிந்தது. வீட்டில் பேசுவது ஷுக்னி, பள்ளிக்கூடத்தில் படித்தது தஜிக், வேலைக்கு ரஷ்யன் என்று விரல் விட்டு எண்ணினார். வீட்டில் தமிழ், கந்தோரில் சிங்களம், சுற்றுலாக்காரருக்கு இங்கிலீஷ் என்று நானும் எண்ணிக் காட்டினேன்.

தஜிக் மொழி பாரசீகம்தானாம், எழுதுவது மட்டும் ரஷ்ய எழுத்தில். 'தூ' என்றால் இரண்டு, 'தோர்' என்றால் நரம்பு. இரண்டு நரம்பு வாத்தியத்துக்குப் பெயரே 'துத்தோர்'. நம்ம சித்தாரும் அதே வழியில் 'மூன்று நரம்பு' என்ற பெயரில் வந்ததுதான். பழைய துத்தோரில் பட்டு நூலைத்தான் நரம்பாகக் கட்டினார்கள், அதன் உடம்பு பெரும்பாலும் மல்பெரி. மல்பெரி இலையைத் தின்றுதானே பட்டுப்புழு நூல் விடுகிறது. அப்படிப் பார்த்தால் உடம்பும் குரலும் ஒரே மரத்திலிருந்து. இதைக் கேட்ட அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அவர்களுடைய வீட்டைப் பற்றிக் கேட்டேன், தொழில் புத்தி. பாமிர் வீட்டுக்கு நடுவில் ஐந்து தூண். அவர்கள் இஸ்மாயிலி முஸ்லிம்கள். முகம்மது நபி, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன் என்று ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெயர். கூரை நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. அது சும்மா ஓட்டை இல்லை. ஒரு சதுரச் சட்டம், அதற்கு மேல் அதன் மூலைகளைக் குறுக்கே வெட்டித் திருப்பி வைத்த சின்னச் சதுரம், அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. நாலு அடுக்கு. மண், நீர், காற்று, நெருப்பு என்று கணக்காம். பென்சிலை வாங்கி ஒரு பிளைவூட் துண்டில் வரைந்து காட்டினார். அந்தத் துண்டு இன்னும் பட்டறையில் இருக்கிறது. யாராவது அப்படி ஒரு கூரை கேட்டு வந்தால் கூலி குறைத்தே செய்து கொடுப்பேன். தகரக் கூரைக்காரர்கள் யார் கேட்கப் போகிறார்கள்!

*

இரண்டாம் நாள் மாலைதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். "இதை எப்ப வாசிப்பீங்க?"

கல்யாணத்திலும் வாசிப்போம், ஆட்டத்துக்கும் வாசிப்போம், ஆனால் முக்கியமாக 'மத்தோ'வுக்கு என்றார். அது கடவுளையும் பெரியவர்களையும் புகழ்ந்து பாடுகிற பாட்டு. ரூமியின் கவிதை, 11ஆம் நூற்றாண்டில் பதக்‌ஷான் பக்கம் வந்து ஒதுங்கி வாழ்ந்த நாசிர் குஸ்ரோவின் கவிதை எல்லாம் அதில் வரும். யாராவது செத்துப்போனால் அந்த வீட்டில் விளக்கேற்றுகிற ஒரு இரவு உண்டு, 'சராக் ரௌஷன்' என்பார்கள். அன்றைக்கு ருபாபை வைத்துக்கொண்டு பாடுவார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாவு வீட்டுல வாசிக்கிறதா இது? அப்ப வீட்டுல எங்க வைப்பாங்க, கேளு" என்றார்.

கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சுவரில்" என்றார். "நடு வீட்டில். எங்கள் வீட்டில் தாத்தாவின் ருபாப் அங்கேதான் தொங்குகிறது. வேறு எங்கே வைப்பது?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பசைச் சட்டியைக் கழுவ எழுந்து போனார்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எங்க தப்பு வீட்டின் பின்னால் விறகுக் கொட்டிலில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது அப்பா இல்லை. பதினைந்து வயதில் நான் வைத்தேன். ஒரு திருவிழாவில் அப்பா சாமிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் நாலு பேர் மேசையில் அதே அடியைத் தட்டினார்கள். நான் உள்ளே வரும்போதெல்லாம் தட்டினார்கள். கூடவே சாதிப் பெயர். வாத்தியாரும் கேட்காத மாதிரி இருந்தார். நான் வீட்டுக்கு வந்து, காம்பரா மூலையில் இருந்த தப்பை எடுத்துக்கொண்டு போய் விறகுக்குள் சொருகிவிட்டு, "இனி இது வீட்டுக்குள்ள வந்தா நான் படிக்கப் போகமாட்டேன்" என்றேன். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. லயத்தை விட்டு டவுன் ஓரத்துக்குக் குடிவந்து பதினெட்டு வருடம் ஆகிறது, இங்கேயும் தப்பு நேராகக் கொட்டிலுக்குத்தான் போனது. யாரும் சொல்லவில்லை. பழக்கம்.

*

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. நாடாவை அவிழ்த்தோம். ஓரம் பிடித்திருந்தது. மண்சட்டியில் தணலை அள்ளி வைத்து, அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, தோல் பக்கத்தை மட்டும் காட்டி, அப்பா ருபாபை ஆட்டிக்கொண்டே இருந்தார், தொட்டிலில் பிள்ளையை ஆட்டுகிற வேகத்தில். இடையிடையே நகத்தால் சுண்டல். நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். 'தொப்பு' மெல்ல 'தொம்' ஆனது. 'தொம்' இன்னும் கொஞ்சம் ஏறியது. 'கிண்' வரும்வரை விடமாட்டார் என்று நினைத்தேன், பாதியில் நிறுத்திவிட்டார். "போதும். இது கத்துற சாமான் இல்ல, பேசுற சாமான்."

பாமிர்க்காரர் குதிரையை ஏற்றி, நரம்பை முறுக்கி, மரச் சீவலால் மீட்டினார். சத்தத்தை எப்படிச் சொல்வது? வீணை மாதிரி நீண்டு இழுக்காது. தட்டினால் ஒரு குடத்துக்குள் விழுந்து, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி அடங்கும். நரம்பும் தோலும் ஒரே வாயால் பேசுகிற மாதிரி. அந்தப் பாதி வழி நரம்பு மட்டும் மேலே விடாமல் ஒரே சுருதியில் நிற்கும்.

முதலில் ஒரு ஆட்டப் பாட்டு. பிறகு ஒரு 'ஃபலக்' பாடினார். ஃபலக் என்றால் வானம், விதி என்றும் அர்த்தம். மலைநாட்டு ஆட்கள் பிரிவையும் ஏழ்மையையும் அம்மாவையும் நினைத்து வானத்தைப் பார்த்து நியாயம் கேட்கிற பாட்டு. அதை 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் மேலே போய்க் குரலைக் கொஞ்சம் உடைத்து இறக்குகிற இடம் இருக்கிறதே, எங்க பாட்டி ஒப்பாரியில் அதே இடத்தில் மூச்சு எடுப்பாள். அப்பா அடுப்புக் கட்டையில் விரலால் தாளம் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் வீட்டுக்குள் அந்த விரல் அப்படி அசைந்து நான் பார்த்ததில்லை.

பாடி முடித்து, அது அவருடைய பாட்டிக்குப் பிடித்த பாட்டு என்றார். பாட்டியின் தங்கச்சி எல்லையில் ஓடுகிற பஞ்ச் ஆற்றுக்கு அந்தக் கரையில், ஆப்கானிஸ்தான் பக்கத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். சில இடங்களில் ஆறு கூப்பிடு தூரம்தான். அந்தக் கரையிலும் இதே மொழி, இதே ருபாப். ஆனால் சோவியத் காலத்தில் எல்லையை மூடியபின் போக முடியவில்லை. இரண்டு பேரும் பார்க்காமலே செத்தார்கள். அப்பா உடனே, "எங்க சின்னம்மாவும் ஒப்பந்தத்துல போனவதான்" என்றார். தோட்டத்துத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த 1964 ஒப்பந்தத்தைச் சொல்கிறார். கப்பல் ஏறின பிறகு இரண்டு கடுதாசி வந்ததாம். அதை நான் இங்கிலீஷில் சொல்ல எவ்வளவோ பார்த்தேன். 'ஒப்பந்தம்' என்பதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த மனிதர் தலையாட்டினார், விளங்கியதோ என்னவோ.

கூலி கொடுக்க வந்தார். அப்பா வாங்கவில்லை. மலைக்காரத் தம்பி ரயிலில் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

*

அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. மல்பெரிக்கு எங்கே போவது? தேடினதில், மல்பெரியும் பலாவும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பம் என்று தெரிந்தது. வீணையும் மிருதங்கமும் பலாவில் செய்வது சும்மா இல்லை! பலா மரம் வெட்ட இங்கே அனுமதி வேண்டும், அந்த அலைச்சல் நமக்கு வேண்டாம். தியத்தலாவைப் பக்கம் ஒரு பழைய வீட்டை உடைத்தபோது கழற்றிய உத்தரத்தில் மூன்றடித் துண்டு வாங்கினேன். வைரம் பாய்ந்து தேன் நிறத்தில் இருந்தது.

வெளி உருவம் வந்துவிட்டது. உள்ளே குடைகிறதுதான் பாடு. இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து குடைந்தேன். கழுத்தும் குடமும் சேருகிற இடத்தில் உளி 'டிங்' என்றது. உள்ளே துருப்பிடித்த ஆணி. உளி வாய் போனது, அது பரவாயில்லை. ஆத்திரத்தில் ஆணியை நெம்பினேன் பாருங்கள், கீறல் நேரே அடிவரைக்கும் ஓடியது. ஆணியைச் சுற்றிக் குடைந்து எடுத்திருக்க வேண்டும். என் பட்டறைப் பையனுக்கு நானே நூறு முறை சொன்ன விஷயம். அந்தக் கட்டையில் இப்போது வீட்டுக்காரி கத்தரிக்காய் நறுக்குகிறாள்.

இரண்டாவது கட்டை குடைந்து முடிந்து காய்கிறது. அடுப்படிப் பரண் மேல் புகையில் வைத்திருக்கிறேன், அப்பா சொன்ன இடம். அவசரப்பட்டுத் தோல் கட்டாதே என்றார். ஆட்டுத் தோலுக்கு இறைச்சிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறார், ஆனால் அவராகப் போய்ப் பார்த்துத்தான் வாங்குவாராம், வெட்டுக் காயம் இல்லாத தோலாக.

2024 டிசம்பரில் பாமிர்க்காரர் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ருபாப் செய்கிற, வாசிக்கிற கலையை ஆப்கானிஸ்தான், ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் நாலு நாட்டுப் பெயரிலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். கூடவே ஒரு படம், தாத்தாவின் ருபாப் சுவரில். அப்பாவிடம் காட்டினேன்.

"பட்டியல்ல போட்டா என்ன குடுப்பாங்க?"

"காசு ஒன்னும் குடுக்கமாட்டாங்கப்பா."

"ம்." படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். ருபாபைப் பார்க்கவில்லை, அதை எதில் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். தோல் நாடாவில் ஒரு மர முளையில்.

அந்த வாரம் நான் பலாவில் ஒரு முளை கடைந்து, நடு வீட்டில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் அடித்தேன். தப்பு தொங்குகிற அளவுக்குப் பார்த்துத்தான் அடித்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜனவரி முதலாம் திகதி காலையில் எழும்பிப் பார்த்தால், கோயிலில் கொடுத்த புது வருடக் கலண்டரை அதில் மாட்டியிருக்கிறார்.